கரியமிலவாயு வணிகம்: சந்தையும் உச்சவரம்பும்

விலை கொடுத்து வாங்கும் பொருளைச் சிக்கனமாகச் செலவிடுவதும், விலையின்றிக் கிடைப்பதைக் கணக்கின்றிச் செலவழிப்பதும் மனித இயல்பு. நிலக்கரியை எரித்து மின்சாரம் உண்டாக்கும் அனல்மின் நிலையம் நிலக்கரிக்கு விலை தருகிறது. தொழிலாளர்க்குக் கூலி தருகிறது. இயந்திரங்கள் வாங்கிய கடனுக்குத் தவணை செலுத்துகிறது. ஆனால் அதன் புகைபோக்கி வழியே வானில் கலக்கும் கரியமிலவாயுவுக்கு அது எதுவும் தருவதில்லை. நிலையத்தின் பேரேட்டில் அவ்வாயுவுக்கெனத் தனிப்பத்தி கிடையாது.

பேரேட்டில் எழுதப்படாத அச்செலவு வேறெங்கோ வேறெவராலோ செலுத்தப்படுகிறது. கடல்மட்டம் உயர்வதால் வயல் இழக்கும் உழவரும், வறட்சியால் கால்நடை இழக்கும் ஆயரும் அதைச் செலுத்துகின்றனர். தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமிலவாயு, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு, ஃப்ளூரின் கலந்த குளிர்பதன வாயுக்கள் ஆகியவையும் இதனோடு சேர்ந்து புவியின் வெப்பத்தை வெளியேறவிடாமல் தடுக்கின்றன. இவற்றையே பசுமை இல்ல வாயுக்கள் என அழைக்கிறோம். 2006ஆம் ஆண்டு பிரித்தானிய அரசுக்கு அறிக்கை அளித்த பொருளியலறிஞர் நிக்கோலஸ் ஸ்டெர்ன், உலகம் கண்ட மிகப்பெரிய சந்தைத் தோல்வி இதுவே என்ற கருத்தை முன்வைத்தார்.

சந்தை தோற்றதால் வந்த கேட்டைச் சந்தையைக் கொண்டே தீர்க்க முடியுமா? முடியும் என்போர் கையாளும் வழிகள் யாவை? அவை எங்கு வென்றன, எங்குத் தோற்றன? இவ்வினாக்களை இக்கட்டுரையில் ஆராய்வோம். உலகின் முதல் பெரும் கரியமிலவாயுச் சந்தையான ஐரோப்பிய ஒன்றியத்தின் திட்டம் 2005இல் தொடங்கி இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்டமையால், அதனையே முதன்மைச் சான்றாகக் கொள்வோம்.

வரியும் உச்சவரம்பும்

தீங்கு செய்வோரிடம் அத்தீங்கின் மதிப்பை வரியாக வசூலிக்கலாம் என்ற கருத்தை முறைப்படி வகுத்துரைத்தவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆர்தர் பிகூ. 1920இல் வெளிவந்த அவரது நலப்பொருளியல் நூல் இதற்கு அடித்தளம் இட்டது. 1960இல் ரொனால்ட் கோஸ் எழுதிய ஆய்வுரை இவ்வினாவை வேறொரு கோணத்தில் அணுகியது. உரிமைகள் தெளிவாக வரையறுக்கப்பட்டு, பேரம் பேசுவதற்கான செலவும் இல்லையெனில், தீங்கு செய்வோரும் அதனால் பாதிக்கப்படுவோரும் தமக்குள் பேசித் தீர்வு காண இயலும் என அவர் காட்டினார். இவ்விரு கருத்துகளின் தொடர்ச்சியாக, கனடாவின் ஜான் டேல்ஸ் 1968இல் ஒரு யோசனையை வெளியிட்டார். ஓர் ஏரியில் எவ்வளவு கழிவு கலக்கலாம் என்பதை அரசு முடிவுசெய்து, அந்த அளவுக்கு மட்டும் உரிமங்கள் வெளியிட்டு, அவற்றை வாங்கவும் விற்கவும் அனுமதிக்கலாம் என்பதே அந்த யோசனை.

ஆக, வழிகள் இரண்டு. முதலாவது, ஒரு டன் வாயுவுக்கு இவ்வளவு என வரி விதிப்பது. இரண்டாவது, மொத்த வெளியேற்றத்துக்கு உச்சவரம்பு விதித்து, அதற்குட்பட்ட உரிமங்களை வணிகம் செய்யவிடுவது. நில உச்சவரம்பு என்ற சொல் நமக்குப் பழக்கமானதே. அங்கே தனியொருவர் வைத்திருக்கத்தக்க நிலத்துக்கு வரம்பு விதிக்கப்படுகிறது. இங்கே எல்லா ஆலைகளும் சேர்ந்து வெளியிடும் மொத்த வாயுவுக்கு வரம்பு விதிக்கப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டின் மூலம் இதனை விளக்கலாம். ஒரு நகரில் இரண்டு ஆலைகள், ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 100 டன் வாயுவை வெளியிடுவதாகக் கொள்வோம். மொத்தம் 200 டன். இதனை 160 டன்னாகக் குறைக்க அரசு விரும்புகிறது. முதல் ஆலையின் இயந்திரங்கள் பழையவை. சிறிது பழுது பார்த்தால் போதும், டன்னுக்கு 500 ரூபாய்ச் செலவில் குறைத்துவிடும். இரண்டாவது ஆலை முன்னரே சீர்செய்யப்பட்டது. மேலும் குறைக்க டன்னுக்கு 2,000 ரூபாய் ஆகும். இரண்டும் 20 டன் குறைத்தே ஆகவேண்டும் என ஆணையிட்டால், முதல் ஆலைக்கு 10,000 ரூபாயும் இரண்டாவதற்கு 40,000 ரூபாயுமாக மொத்தச் செலவு 50,000 ரூபாய்.

அவ்வாறு ஆணையிடாமல், ஒவ்வோர் ஆலைக்கும் 80 உரிமங்களை அளித்து, வேண்டுமானால் விற்றுக்கொள்ளலாம் என்று அரசு கூறுவதாகக் கொள்வோம். முதல் ஆலை 40 டன்னைக் குறைத்து, மிஞ்சும் 20 உரிமங்களை உரிமம் ஒன்றுக்கு 1,200 ரூபாய் வீதம் இரண்டாவது ஆலைக்கு விற்கும். இரண்டாவது ஆலைக்கு 40,000 ரூபாய் ஆகவேண்டிய செலவு 24,000 ரூபாயாகிறது. முதல் ஆலைக்கோ கூடுதலாகக் குறைத்த 20 டன்னுக்கு 10,000 ரூபாய்ச் செலவும் 24,000 ரூபாய் வரவும் கிடைக்கின்றன. நகரம் முழுவதற்கும் ஆன உண்மைச் செலவு 20,000 ரூபாய் மட்டுமே. வானில் கலந்த வாயு முன்போலவே 160 டன்தான்.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 200 டன் 160 டன்னாகக் குறைந்தது சந்தையினால் அன்று. அரசு விதித்த உச்சவரம்பினால். அக்குறைப்பை யார் செய்தால் செலவு குறையும் என்பதை மட்டுமே சந்தை கண்டறிந்தது. இதே அரசு 160க்குப் பதிலாக 210 உரிமங்களை வெளியிட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? எந்த ஆலையும் எதையும் குறைத்திராது. உரிமத்தின் விலையும் சுழியாகியிருக்கும். சந்தை மட்டும் பெயரளவில் நடந்துகொண்டிருக்கும். இது வெறும் கற்பனையன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

வரி விதித்தால் விலை உறுதி, வாயுவின் அளவு உறுதியில்லை. உச்சவரம்பு விதித்தால் அளவு உறுதி, விலை உறுதியில்லை. இரண்டிற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே.

அமெரிக்காவின் கந்தகப் புகை

உச்சவரம்பு வணிகம் பெரிய அளவில் முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது கரியமிலவாயுவில் அன்று. அமில மழைக்குக் காரணமான கந்தக டை ஆக்சைடில். அமெரிக்கக் காங்கிரஸ் 1990இல் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தி இத்திட்டத்தை உருவாக்கியது. 1995இல் மிகுதியாகப் புகை வெளியிட்ட அனல்மின் நிலையங்களைக் கொண்டு தொடங்கி, 2000இல் ஏனையவற்றுக்கும் விரித்தனர். மின்துறைக்கு இறுதி உச்சவரம்பாக விதிக்கப்பட்டது ஆண்டுக்கு 89.5 இலட்சம் டன். 1980இல் இத்துறை வெளியிட்டது ஏறத்தாழ 170 இலட்சம் டன். 2010இல் எட்டவேண்டிய இலக்கை 2007லேயே எட்டிவிட்டனர். செலவும் முன்னர் மதிப்பிடப்பட்டதைவிட மிகக் குறைவாகவே ஆயிற்று.

இவ்வெற்றிக்குக் காரணங்கள் சில உள. ஒவ்வொரு புகைபோக்கியிலும் இடையறாது அளக்கும் கருவி பொருத்தப்பட்டது. அளவுகள் பொதுமக்கள் காண வெளியிடப்பட்டன. உரிமமின்றி வெளியிட்ட ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. இத்தொகை உரிமத்தின் சந்தை விலையைப் போலப் பன்மடங்கு. அபராதம் கட்டினாலும் அந்த டன் அடுத்த ஆண்டுக் கணக்கில் கழிக்கப்பட்டது. இவற்றோடு, இரயில் சரக்குக் கட்டணம் குறைந்தமையால் வயோமிங் பகுதியின் கந்தகம் குறைந்த நிலக்கரி மலிவாகக் கிழக்கு நோக்கி வந்து சேர்ந்ததும் பேருதவியாயிற்று. சந்தையின் புகழை மட்டும் பாடுவோர் இக்கடைசிக் காரணத்தை மறந்துவிடுவதுண்டு.

கியோட்டோ முதல் பிரஸ்ஸல்ஸ் வரை

1997 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ நகரில் உலக நாடுகள் கூடி, தொழில்வள நாடுகளின் வாயு வெளியேற்றத்துக்கு வரம்பு விதிக்கும் உடன்படிக்கையை உருவாக்கின. வாயு வணிகத்தை அதில் சேர்க்கவேண்டும் என வற்புறுத்தியது அமெரிக்கா. ஐயத்துடன் எதிர்த்தது ஐரோப்பா. ஆனால் 2001இல் அமெரிக்கா உடன்படிக்கையை விட்டு விலகியது. அதே ஐரோப்பாதான் பின்னர் உலகின் முதல் பெரும் வாயுச் சந்தையை நிறுவியது. 1992இல் ஐரோப்பிய ஆணையம் கரியமிலவாயு வரியொன்றை முன்மொழிந்து பார்த்தது. வரி விதிக்க உறுப்பு நாடுகள் அனைத்தின் ஒருமித்த இசைவும் தேவைப்பட்டமையால் அம்முயற்சி கைகூடவில்லை. வணிகத் திட்டத்துக்குப் பெரும்பான்மை இசைவே போதுமானதாக இருந்தது. 2003இல் சட்டம் இயற்றப்பட்டு, 2005 ஜனவரி முதல் நாள் சந்தை திறக்கப்பட்டது.

அனல்மின் நிலையங்கள், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், இரும்பு, சிமெண்ட், கண்ணாடி, காகித ஆலைகள் எனப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலகங்கள் இதில் அடங்கின. ஓர் உரிமம் என்பது ஒரு டன் கரியமிலவாயுவை வெளியிடும் அனுமதி. ஆண்டு முடிவில் ஒவ்வொரு தொழிலகமும் தான் வெளியிட்ட டன்களுக்கு ஈடான உரிமங்களை அரசிடம் ஒப்படைக்க வேண்டும்.

தளர்ந்த வரம்பு

முதற்கட்டமான 2005 முதல் 2007 வரை, எத்தனை உரிமங்கள் வழங்குவது என்பதை ஒவ்வொரு நாடும் தானே முன்மொழிந்தது. தத்தம் ஆலைகள் போட்டியில் பின்தங்கிவிடுமோ என அஞ்சிய அரசுகள் தாராளமாக வழங்கின. குறைந்தது 95 விழுக்காட்டு உரிமங்கள் இலவசமாகவே அளிக்கப்பட வேண்டும் என்பது சட்டம். உண்மையில் எவ்வளவு வாயு வெளியாகிறது என்ற நம்பகமான கணக்கு அப்போது எவரிடமும் இல்லை. ஆலைகள் கூறியதே அளவுகோலாயிற்று.

2006 ஏப்ரலில் ஓர் உரிமத்தின் விலை 30 யூரோவை நெருங்கியது. அம்மாத இறுதியில், சரிபார்க்கப்பட்ட முதல் ஆண்டுக் கணக்குகள் வெளிவரத் தொடங்கின. ஆலைகள் வெளியிட்ட வாயுவைவிட அவற்றின் கையிலிருந்த உரிமங்கள் மிகுதி என்பது அம்பலமாயிற்று. சில நாள்களிலேயே விலை பாதிக்கும் கீழே சரிந்தது. இக்கட்டத்தின் உரிமங்களை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச்செல்ல இயலாது என்பதால், 2007 முடிவில் அவற்றின் விலை சில காசுகளாகச் சுருங்கியது. மேலே நாம் எடுத்துக்காட்டிய 210 உரிமக் கதை இவ்வாறு உண்மையிலேயே நிகழ்ந்தது.

இன்னொரு விளைவும் மக்களைச் சினமடையச் செய்தது. இலவசமாகப் பெற்ற உரிமத்தின் விலையையும் மின் நிறுவனங்கள் மின்கட்டணத்தில் சேர்த்துவிட்டன. பொருளியல் நோக்கில் இது வியப்புக்குரியதன்று. சொந்தத் தோப்பில் விளைந்த தேங்காயேயானாலும், அதை எண்ணெய்க்கு ஆட்டும் வணிகர் சந்தை விலையைக் கணக்கிட்டே எண்ணெய்க்கு விலை வைப்பார்; விற்றிருந்தால் அவ்விலை கிடைத்திருக்கும் அல்லவா? ஆயினும் அரசு இலவசமாகத் தந்ததற்கு மக்கள் விலை கொடுத்தனர், நிறுவனங்கள் பல நூறு கோடி யூரோ இலாபம் ஈட்டின என்பதே இதன் பொருள். புகை வெளியிடுபவரே விலை தரவேண்டும் என்ற கொள்கை இங்குத் தலைகீழாயிற்று.

திருடரும் இச்சந்தையை விட்டுவைக்கவில்லை. ஒரு நாட்டில் மதிப்புக் கூட்டு வரியின்றி உரிமங்களை வாங்கி, மற்றொரு நாட்டில் வரி சேர்த்து விற்று, வசூலித்த வரியை அரசுக்குச் செலுத்தாமல் மறைந்துவிடும் மோசடி 2008, 2009 ஆண்டுகளில் பெருகியது. அரசுகளுக்கு ஏறத்தாழ 500 கோடி யூரோ இழப்பு என ஐரோப்பியக் காவல் அமைப்பு மதிப்பிட்டது. 2011 ஜனவரியில் சில நாடுகளின் கணினிப் பதிவேடுகளில் ஊடுருவி உரிமங்களைக் களவாடினர். உடனடிப் பரிமாற்றங்களை ஆணையம் நிறுத்திவைக்க நேர்ந்தது.

நடவாத குறைப்புக்குக் கிடைத்த விலை

கியோட்டோ உடன்படிக்கை மற்றொரு வழியையும் திறந்துவைத்தது. வளரும் நாடொன்றில் வாயுவைக் குறைக்கும் திட்டத்தை நிறைவேற்றினால், குறைத்த ஒவ்வொரு டன்னுக்கும் ஐ.நா. அமைப்பு ஒரு சான்று வழங்கும். அச்சான்றைத் தொழில்வள நாடுகள் விலைக்கு வாங்கித் தம் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம். தூய்மை வளர்ச்சிச் செயல்முறை என்பது இதன் பெயர். திட்டங்களின் எண்ணிக்கையில் சீனா முதலிடமும் இந்தியா இரண்டாமிடமும் பெற்றன.

இங்கே எழும் சிக்கல் நுட்பமானது. உரிமச் சந்தையில் விற்கப்படுவது அளக்கத்தக்க ஒன்று. சான்றுச் சந்தையிலோ, நிகழாமல் தடுக்கப்பட்ட ஒன்று விற்கப்படுகிறது. திட்டம் இல்லாதிருந்தால் எவ்வளவு வாயு வெளியாகியிருக்கும் என்று ஊகித்து, அதிலிருந்து உண்மை அளவைக் கழித்தால் வருவதே குறைப்பு. அந்த ஊகம் பிழையானால் சான்று வெற்றுத்தாள்.

ஹெச்.எஃப்.சி.-23 என்னும் வாயுவின் வரலாறு இதற்குச் சான்று. குளிர்பதன வாயுவொன்றைத் தயாரிக்கும்போது துணைப்பொருளாக வெளியேறும் இது, கரியமிலவாயுவைப்போல் 11,700 மடங்கு வெப்பமூட்டுவதாக அந்நாளைய விதிகளில் கணக்கிடப்பட்டது. ஆகவே இதில் ஒரு டன்னை எரித்தழித்தால் 11,700 சான்றுகள் கிடைத்தன. எரிக்கும் செலவு, சான்று ஒன்றுக்கு ஒரு யூரோவுக்கும் குறைவு. விற்கும் விலையோ 10 யூரோவுக்கும் மேல். இதனால் முதன்மைப் பொருளைவிடக் கழிவே ஆதாயம் மிக்கதாயிற்று. சான்று கிடைக்கும் காலத்தில் கழிவு வாயு மிகுதியாகவும், சான்று கிடைக்காத காலத்தில் குறைவாகவும் சில ஆலைகளில் உண்டானதை ஆய்வாளர் சுட்டிக்காட்டினர். அழிப்பதற்காகவே உண்டாக்கினார்களோ என்ற ஐயம் வலுத்தது. இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் சீனாவிலும் இந்தியாவிலும் இருந்தன. சீன அரசு இவ்வருவாயில் 65 விழுக்காட்டைத் தானே எடுத்துக்கொண்டது. 2013 மே முதல் இச்சான்றுகளை ஏற்க ஐரோப்பிய ஒன்றியம் மறுத்துவிட்டது.

இதன் முடிவு சிந்திக்கத்தக்கது. 2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலி நகரில் மாண்ட்ரியல் உடன்படிக்கை திருத்தப்பட்டு, இவ்வாயுவை இயன்றவரை அழிக்கவேண்டியது நாடுகளின் கடமை ஆயிற்று. அதே மாதத்தில் இந்திய அரசும், ஆலைகள் தம் சொந்தச் செலவிலேயே இதனை அழிக்க ஆணையிட்டது. செலவு மிகக் குறைந்த ஒரு பணியைச் சட்டத்தின் ஒரு வரியால் செய்துவிடலாம். அதற்குச் சந்தையின் சுற்றுவழி தேவையில்லை.

தமிழகக் காற்றாலைகள் சிலவும் இச்செயல்முறையில் பதிவாயின. இவற்றைப் பற்றி எழுந்த வினா வேறுவகையானது. முப்பந்தல் கணவாயில் காற்றாலைகள் சுழலத் தொடங்கியது கியோட்டோ உடன்படிக்கைக்கு முன்பே. வருமானவரிச் சட்டத்தின் விரைவுத் தேய்மானச் சலுகை நூற்பாலைகளையும் பிற தொழில்களையும் அம்முதலீட்டுக்கு ஈர்த்துவந்தது. சான்றின் வருவாய் இல்லாவிடினும் இக்காற்றாலை எழுந்திருக்குமா என்ற வினாவுக்கு உறுதியான விடை கூறுவது கடினம். காற்றாலை நன்மை தருவது என்பதில் ஐயமில்லை. ஆனால் எப்படியும் எழுந்திருக்கும் காற்றாலையின் சான்றை வாங்கி ஜெர்மனியில் ஓர் ஆலை கூடுதலாகப் புகைவிட்டால், உலகின் மொத்தக் கணக்கில் வாயு குறையவில்லை, கூடிவிட்டது.

வரம்பை இறுக்கிய பின்

ஐரோப்பா தன் தவறுகளிலிருந்து பாடம் கற்றது. ஆனால் மெதுவாகவே கற்றது. 2008இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியால் ஆலைகளின் உற்பத்தி குறைந்து, உரிமங்கள் தேங்கின. 2013 வாக்கில் ஏறத்தாழ 200 கோடி உரிமங்கள் மிகுந்து கிடந்தன. அவ்வாண்டு ஏப்ரலில் விலை 3 யூரோவுக்கும் கீழே போயிற்று. கரியமிலவாயுச் சந்தை இறந்துவிட்டது என அந்நாளில் பலர் எழுதினர்.

ஆயினும் 2013 முதல் அடிப்படை மாற்றங்கள் வந்தன. நாட்டுக்கு நாடு வேறுபட்ட வரம்புகளை நீக்கி, ஒன்றியம் முழுவதற்கும் ஒரே உச்சவரம்பு விதித்தனர். அவ்வரம்பு ஆண்டுதோறும் 1.74 விழுக்காடு குறையுமாறு சட்டத்திலேயே எழுதினர். மின் நிறுவனங்களுக்கு இலவச உரிமம் பெரும்பாலும் நிறுத்தப்பட்டு, ஏல முறை வந்தது. 2019இல் சந்தை நிலைப்பு இருப்பு என்ற ஏற்பாடு செயலுக்கு வந்தது. மிகுந்து கிடக்கும் உரிமங்கள் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், ஏலத்துக்கு வரவேண்டிய உரிமங்களில் ஒரு பகுதியை இது இருப்புக்கு எடுத்துக்கொள்ளும். ஆண்டுக் குறைப்பு வீதம் 2021 முதல் 2.2 விழுக்காடாகவும், 2024 முதல் 4.3 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது. 2020க்குப் பின்னர் வெளிநாட்டுச் சான்றுகளுக்கும் இடமில்லை.

வரம்பு இறுகியதும் விலை உயர்ந்தது. 2018இல் 20 யூரோவைத் தொட்டு, 2021இல் 50ஐத் தாண்டி, 2023 பிப்ரவரியில் முதன்முறையாக 100 யூரோவைக் கடந்தது. திட்டத்துக்குட்பட்ட தொழிலகங்களின் வாயு வெளியேற்றம் 2005ஐ ஒப்பிட 2023இல் ஏறத்தாழ 47 விழுக்காடு குறைந்திருந்தது. இப்பெருமை முழுவதும் சந்தைக்கே உரியதன்று. காற்றாலைக்கும் சூரிய ஆற்றலுக்கும் அரசுகள் அளித்த மானியங்களுக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. எனினும் நிலக்கரி மின்சாரம் இலாபமற்றதானதற்கு உரிமத்தின் விலை ஒரு முதன்மைக் காரணம் என்பதை மறுக்க இயலாது. பிரித்தானியா 2013இல் உரிம விலைக்கு மேல் தனியொரு கட்டணத்தையும் சேர்த்து விதித்தது. 2024 செப்டம்பர் 30 அன்று அந்நாட்டின் கடைசி நிலக்கரி மின்நிலையம் மூடப்பட்டது.

அபராதமா, கட்டணமா?

இம்முறைக்கு அறவியல் நோக்கில் எழுந்த மறுப்பையும் இங்குக் குறிப்பிட வேண்டும். கியோட்டோ மாநாடு நடந்த 1997 டிசம்பரிலேயே, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மைக்கேல் சாண்டல் நியூயார்க் டைம்ஸ் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அபராதம் வேறு, கட்டணம் வேறு என்பது அவரது வாதம். அபராதம் செலுத்துபவர் தாம் செய்தது தவறு என ஏற்கிறார். கட்டணம் செலுத்துபவர் ஓர் உரிமையை விலைக்கு வாங்கியதாகக் கருதுகிறார். செல்வந்த நாடுகள் தம் கடமையைப் பிறர்க்கு விலை கொடுத்துக் கைமாற்றிவிட்டால், அனைவரும் சேர்ந்து சுமக்க வேண்டிய பொறுப்புணர்வே தேய்ந்துவிடும் என அவர் அஞ்சினார்.

இவ்வச்சம் புறந்தள்ளத்தக்கதன்று. ஆனால் உச்சவரம்பு மெய்யானதாகவும் ஆண்டுதோறும் சுருங்குவதாகவும் இருக்குமானால், அங்கே கட்டணம் செலுத்தி எல்லையின்றிப் புகைவிட எவராலும் இயலாது. ஒருவர் வாங்கும் உரிமம் மற்றொருவர் விட்டுக்கொடுத்தது. வரம்பு பொய்யாகும்போதுதான் சாண்டலின் மறுப்பு முழு வலிமை பெறுகிறது.

சுமையை யார் தாங்குவது என்பது அடுத்த வினா. பின்லாந்து 1990இலும் சுவீடன் 1991இலும் கரியமிலவாயு வரி விதித்தன. அவ்வரிகள் இன்றும் நிலைத்திருக்கின்றன. ஆஸ்திரேலியா 2012 ஜூலையில் டன்னுக்கு 23 ஆஸ்திரேலிய டாலர் விதித்தது. ஆட்சி மாறியதும் 2014 ஜூலையில் அச்சட்டம் நீக்கப்பட்டது. பிரான்சில் 2018 நவம்பரில் எரிபொருள் வரி உயர்வை எதிர்த்து மஞ்சள் மேலாடைப் போராட்டம் வெடித்தது, அரசு பின்வாங்கியது. கனடாவில் 2019 முதல் வசூலித்த எரிபொருள் கட்டணத்தின் பெரும்பகுதி குடும்பங்களுக்கே திருப்பியளிக்கப்பட்டும், எதிர்ப்பு தணியாமல் 2025 ஏப்ரலில் நுகர்வோர் கட்டணம் கைவிடப்பட்டது. நகரப் பேருந்து வசதியற்ற ஊரில் வேலைக்குச் செல்ல வாகனத்தையே நம்பியிருப்பவருக்கு எரிபொருள் விலை உயர்வு மாற்றுவழியைக் காட்டுவதில்லை. அவரது வருவாயைக் குறைக்கவே செய்கிறது. வசூலான பணம் எங்குச் செல்கிறது என்பதும், மாற்றுவழி இருக்கிறதா என்பதும் விலையின் அளவைப் போன்றே முதன்மையானவை.

நம் வாயிலில்

இச்சந்தை இப்போது ஆசியாவிலும் கால்பதித்துவிட்டது. சீனா 2021 ஜூலையில் தன் தேசியச் சந்தையை மின்துறையில் தொடங்கியது. அதற்குட்பட்ட வாயுவின் அளவால் உலகில் மிகப் பெரியது அதுவே. இந்தியா 2022இல் ஆற்றல் சேமிப்புச் சட்டத்தைத் திருத்தி, 2023 ஜூனில் கரியமிலவாயுச் சான்று வணிகத் திட்டத்தை அறிவித்தது. ஐரோப்பாவும் வாளாவிருக்கவில்லை. அங்கு இறக்குமதியாகும் இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம் முதலியவற்றின் உற்பத்தியில் வெளியான வாயுவுக்கு எல்லைக் கட்டணம் விதிக்கும் முறையை 2023 அக்டோபரில் கணக்குக் காட்டும் அளவில் தொடங்கி, 2026 முதல் இறக்குமதியாகும் சரக்குகளுக்குக் கட்டணம் உரியதாக்கியுள்ளது. இந்திய எஃகு ஆலைகள் தம் புகையை அளந்து கணக்கு வைக்கவேண்டிய கட்டாயம் இதனால் உண்டாகிவிட்டது. பல்லாண்டுகளாகப் புகைவிட்டு வளம் பெற்ற நாடுகள், வளர்ந்துவரும் நாடுகளிடம் அதே அளவுகோலைக் கொண்டு கட்டணம் கேட்பது நீதியா என்ற இந்தியாவின் வினாவும் நியாயமானதே.

இந்திய, சீனத் திட்டங்களை மதிப்பிடுவோர் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. ஐரோப்பாவில் வரம்பு மொத்த வாயுவுக்கு. இந்தியத் திட்டத்திலோ, ஒரு டன் சிமெண்டுக்கு இவ்வளவு வாயு என உற்பத்தி அலகுக்கே இலக்கு. சீனாவின் திட்டமும் இம்முறையிலேயே தொடங்கியது. உற்பத்தி இருமடங்கானால், அலகுக்கான வாயு குறைந்தாலும் மொத்த வாயு உயரக்கூடும். வளரும் பொருளாதாரத்துக்கு இம்முறை பொருத்தமானது என வாதிடலாம். ஆனால் இதனை உச்சவரம்பு என அழைப்பது பிழை.

இடைக்கால அரபு நகரங்களின் கடைத்தெருக்களில் முஹ்தஸிப் என்னும் அலுவலர் எடைக்கற்களையும் முகத்தலளவைகளையும் சோதித்துவந்ததை வரலாறு படித்தோர் அறிவர். வாங்குவோரும் விற்போரும் தாமே விலை பேசிக்கொள்வர். எடைக்கல் சரியானதா என்பதை அவர்களிடமே விட்டுவிட முடியாது. கரியமிலவாயு வணிகத்தில் இத்தேவை இன்னும் மிகுதி. பிற பொருள்களில் அளவு குறைந்தால் வாங்கியவர் கேட்பார். இங்கோ விற்பவருக்குப் பணம் கிடைக்கிறது, வாங்குபவருக்குச் சான்று கிடைக்கிறது. அளவு பொய்யானாலும் இருவருக்கும் குறையில்லை. ஏமாற்றப்படுபவர் பேரத்தில் இல்லாத மூன்றாமவர். மேலே நாம் கண்ட வயலிழந்த உழவரும் கால்நடை இழந்த ஆயருமே அவர்.

ஆகவே, புதிதாக எந்தக் கரியமிலவாயுத் திட்டம் அறிவிக்கப்பட்டாலும், அதன் விலை என்ன என்று கேட்பதற்கு முன் மூன்று வினாக்களைக் கேட்டறிதல் நலம். மொத்த வாயுவுக்கு வரம்பு உண்டா, அவ்வரம்பு ஆண்டுதோறும் சுருங்குகிறதா? புகையை அளப்பவர் யார், அவரைச் சோதிப்பவர் யார்? வசூலாகும் பணம் எவரிடம் போய்ச் சேருகிறது? ஐரோப்பாவின் முதல் எட்டாண்டுகளில் இவ்வினாக்களுக்குச் சரியான விடை இல்லை. விலை சரிந்தது, பயனும் குறைந்தது. விடைகள் ஓரளவு திருந்திய பின்னரே அங்குச் சந்தை பயன் தரத் தொடங்கியது. இந்தியாவின் திட்டம் இப்போதுதான் உருப்பெற்று வருகிறது. இவ்வினாக்களைக் கேட்க உகந்த காலம் இதுவே.